அம்மா நோன்பை விட்ட ரமலான்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்தில் வந்த ரமலான் அது. ஊர் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் ஜன்னல் வழியாகத் தெரியும் வெள்ளை உப்புக் குவியல்கள்தான். சிலர் வண்டியை நிறுத்தி, இறங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் குவியல்களில் என் அம்மா தலையில் சுமந்து கொட்டிய உப்பும் இருக்கும்.

அத்தா, என் அப்பா, சென்னையில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். மாதம் ஒரு முறை வருவார். அம்மா உப்பளத்தில் கூலி வேலை. நான் அவர்களுக்கு ஒரே பெண். எங்கள் சொந்தத்தில், இரண்டு பக்கத்திலும் தேடினாலும், பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அதற்கு மேல் லேப் டெக்னீஷியன் டிப்ளமோவும் வாங்கினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. திண்டிவனத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் பஸ் ஏறி, பெருமுக்கல் மலையைத் தாண்டிப் போய், பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வருவேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதைக் கண்டுபிடித்ததே நான்தான். படிக்கிற காலத்தில் கைப்பழக்கத்துக்காக அம்மாவின் விரலில் குத்திப் பார்த்தேன். மீட்டர் காட்டியதைப் பார்த்து மெஷின்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து அம்மாவுக்கு மாத்திரை.

மாத்திரை போட்டுக்கொண்டு, நிழலே இல்லாத பாத்தியில் உப்பு வாரி, கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கிற ஒருவர், பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டரும் அந்த வருடம் நோன்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா கேட்கவில்லை. ரமலான் பிறை தெரிவதற்கு முன்பே எங்கள் வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது.

சண்டைக்கு என்னிடம் ஆயுதம் நிறைய இருந்தது. சின்ன வயதில் மதரஸாவில் மனப்பாடம் செய்த ஹதீஸ்கள், அதாவது நபிமொழிகள், போக, வேலைக்குப் போன பிறகு தமிழ் மொழிபெயர்ப்பை வாங்கி வைத்து நானே படித்திருந்தேன். அல்லாஹ் தந்த சலுகைகளை அடியார்கள் ஏற்றுக்கொள்வதை அவன் விரும்புகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். மார்க்கத்தைச் சுலபமாக்குங்கள், கஷ்டமாக்காதீர்கள் என்று சொன்னதையும் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "உனக்கென்னடி, படிச்சவ. கறிக்கு உப்பு பத்தலன்னு சொன்னாக்கூட ஒரு ஹதீஸ் எடுப்ப" என்றார்.

பக்கத்து வீட்டில் இருக்கிற பெரியம்மா, அம்மாவின் கூடப் பிறந்த அக்கா, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சேர்ந்துகொண்டார். "நான் பிரஷர் மாத்திரையப் போட்டுக்கிட்டே நோன்பு வைக்கிறேன். ஒரு சக்கரைக்குப் போய் யாராவது நோன்ப விடுவாங்களா? வீட்ல ஒரு பொண்ணு படிச்சிட்டா அல்லாவோட சட்டமே மாறிடுமா?"

கடைசியில் அம்மா ஒரு வாக்குக் கொடுத்தார். "தல சுத்துனா விட்டுடுறேன், போதுமா?" நான் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தை அவர் முந்தானையில் முடிந்துவிட்டேன். அதை அவர் உப்பளத்துக்குக் கொண்டுபோகாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போன விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நோன்பு தொடங்கிச் சில நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. அம்மா என்னைப் பார்த்து ஜெயித்த மாதிரி சிரித்தார்.

அன்று காலை நான் லேபில் ரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அம்மா இல்லை. அவரோடு ஒரே பாத்தியில் வேலை செய்கிற அக்கா. பக்கத்துக் கிராமத்துக்காரர். நான் சின்னப் பெண்ணாக உப்பளத்துக்குப் போனபோதெல்லாம் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டவர்.

"பாப்பா, அம்மா பாத்தியில உழுந்துட்டாங்க."

"எப்போ? முழிச்சிருக்காங்களா?"

"கண்ணு தொறந்துதான் இருக்குது. வேர்த்து ஊத்துது. கை காலெல்லாம் உதறுது. வரப்பு மேல தூக்கிப் போட்டிருக்கோம். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்பா. தண்ணி குடுக்கலாமா?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. "என்னக்கா கேக்குறீங்க?"

"அவங்க நோன்பு ஆச்சே. நாங்க பாட்டுக்கு வாயில ஊத்திட்டு சாமி குத்தம் ஆயிடுச்சின்னா? மாரியம்மனுக்குக் காப்பு கட்டியிருக்கும்போது என் வெரதத்த எவளாவது கெடுத்தா நான் சும்மா வுடுவேனா? அதான் உன்ன ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

அம்மாவைச் சுற்றி அத்தனை பெண்கள் நிற்கிறார்கள். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. அம்மாவின் நோன்பின் மேல் வைத்த மரியாதையால் யாரும் மூடியைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை.

"குத்தம் எதுவும் இல்லக்கா. வெறும் தண்ணி பத்தாது. பட்டினியில ரத்தத்துல சர்க்கரை எறங்கிடுச்சு, இப்போ சர்க்கரைதான் வேணும். தண்ணியில சர்க்கரையக் கரைங்க. அம்மாவ நிமித்தி உக்கார வச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க."

நல்ல வேளை, பாத்திக்கு டீ கொண்டுவருகிறவர் வண்டியோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். "டேய், டீய வுடுடா, சக்கர டப்பாவ எடு!" என்று அக்கா கத்துவது எனக்குக் கேட்டது. டம்ளரில் கரண்டி அடிக்கும் சத்தமும் கேட்டது. பிறகு அக்காவின் குரல் மாறியது.

"பாப்பா, வாயத் தொறக்க மாட்றாங்க. பல்லக் கடிச்சிக்கினு தலைய ஆட்டுறாங்க."

நோன்பைக் காப்பாற்றும் அளவுக்கு அம்மாவுக்கு நினைவு இருந்தது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. இன்னும் சிறிது நேரம் போனால் அந்த நினைவும் போய்விடும், அதன்பிறகு வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. இது என் தொழில். எனக்குத் தெரியும்.

"போன அம்மா காதுல வைங்க."

போனில் கடற்கரைக் காற்று மட்டும் இரைந்தது. நான் படித்த ஹதீஸ் எல்லாம் வரிசையாக நாக்குக்கு வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. இத்தனை நாள் சொல்லி ஆகாதது இப்போது ஆகப்போவதில்லை.

"அம்மா, நான்தான். நோன்பு முடிஞ்சிடுச்சும்மா. நீ விடல. அல்லாவே முடிச்சு வச்சுட்டான். இப்போ நோன்பு திறக்கணும். பிஸ்மில்லா சொல்லு. எனக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

காற்றுதான் கேட்டது. மறுபடியும் சொன்னேன். என் பின்னால் லேபில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மிக மெல்லியதாக, "பிஸ்..." என்று வந்தது. அந்த வார்த்தையைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடிக்க முடியாது. அக்கா அதற்காகவே காத்திருந்த மாதிரி டம்ளரை வைத்துவிட்டார். அம்மா இருமினார். விழுங்கினார். "குடிக்கிறாங்க பாப்பா, குடிக்கிறாங்க" என்று அக்கா அழுதார்.

லேபிலிருந்து அப்படியே கிளம்பிவிட்டேன். ஊருக்கு வருகிற பஸ்ஸில் ஒரு ஹதீஸ் என் நினைவுக்கு வந்தது. எவ்வளவோ முறை படித்ததுதான். பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். தொழுகைக்கு முன் குளித்தே ஆக வேண்டிய கடமை அவருக்கு வந்தது. குளிக்காமல் இருக்க எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். இல்லை என்று அவர்களாகவே சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது அவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சம் இல்லை. அவரைக் கொன்றுவிட்டார்களே, தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றார்கள்.

உப்பு வரப்பில் நின்ற பெண்கள் இந்த ஹதீஸைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தெரியாததைக் கேட்டார்கள். தாமதமாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் கேட்டார்கள். அதனால் என் அம்மா உயிரோடு இருந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் குளுக்கோஸ் ஏற்றி, மதியத்துக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி நோன்பு கூடவே கூடாது என்று அந்த டாக்டரும் சொன்னார். அம்மா நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து பாயில் படுத்ததும், "நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்பு" என்றார்.

கத்த வாயைத் திறந்தேன். பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. இத்தனை நாள் அம்மாவுக்கு நான் சொன்னது எவ்வளவோ. ஒன்றையாவது கேட்டேனா?

"ஏம்மா, நோன்ப விட உனக்கு ஏன் மனசு வர மாட்டேங்குது?"

அம்மா கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ குர்ஆன எடுத்தா கடகடன்னு ஓதுற. எனக்கு அலிஃப் பே தாண்டி ஒண்ணும் தெரியாது. தொழுகையில நான் ஓதுறது சரியா தப்பான்னுகூட தெரியாது. உப்பு வார்ற நாள்ல பாதித் தொழுகை வேற போயிடுது. வருசத்துல இந்த ஒரு மாசம்தான் நானும் அல்லாவுக்கு ஏதோ செய்றேன்னு இருக்குது. பட்டினி கெடக்கிறதுக்கு எழுத்து தெரிய வாணாம் பாரு. அதையும் வாணாம்னுட்டா நான் எதக் கொண்டுபோய் நிப்பேன்?"

அம்மாவிடம் அடம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. இருக்கிற ஒன்றையும் பிடுங்குகிறார்களே என்ற தவிப்பு அது. பிடுங்கியவள் அவர் உப்பு சுமந்து படிக்க வைத்த பெண். ஆனாலும் நான் விடுவதாக இல்லை. அம்மா எனக்கு வேண்டும். நோன்பை விடச் சொன்னால் மட்டும் போதாது, அந்தக் கைகளுக்கு வேறு எதையாவது கொடுத்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில், கேட்க வேண்டியவரிடம் அம்மாவே நேரில் கேட்கட்டும் என்று நினைத்தேன். பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற இமாம் ஹஜ்ரத்தின் வீட்டுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். பெரியம்மாவும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கூடவே வந்தார். அம்மாவுக்கு நான் ஏதாவது சொல்லிக்கொடுத்துவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். ஹஜ்ரத்தின் வீட்டம்மா எங்களை உட்கார வைத்தார். ஹஜ்ரத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டாக்டர் என்ன சொன்னார் என்று இரண்டு தடவை கேட்டார்.

"உங்களுக்கு நோன்பு இல்லைங்கம்மா. இது ஆறிப்போற நோயும் இல்ல, அதனால பின்னால வச்சுத் தீர்க்கிற களா நோன்பும் இல்ல. ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்துடுங்க. இனிமே நீங்க வச்சாதான் தப்பு."

பெரியம்மா விடவில்லை. "அப்போ எனக்குப் பிரஷர் இருக்குதே ஹஜ்ரத்து, அதுக்கு?"

"டாக்டரைக் கேட்டீங்களா?"

"அவர எதுக்குக் கேக்கணும்?"

"கேட்டுட்டு வந்து என்னைக் கேளுங்க" என்றார் ஹஜ்ரத். அவர் வீட்டம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

வீடு திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னார்: "அரிசிய அளந்து குடுத்துட்டா ஆச்சா? ஒடம்பு ஒண்ணும் செய்யலையே."

அப்போதுதான் இன்னொரு ஹதீஸைச் சொன்னேன். இந்த முறை வாதத்துக்காக எடுக்கவில்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கதையாகச் சொன்னேன். நபி (ஸல்) அவர்களோடு தோழர்கள் பயணம் போகிறார்கள். கொளுத்துகிற வெயில். சிலர் நோன்பு வைத்திருக்கிறார்கள், சிலர் வைக்கவில்லை. ஓர் இடத்தில் இறங்குகிறார்கள்.

"நெழல் இல்லையா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. போர்வை வச்சிருந்தவங்களுக்குத்தான் நல்ல நெழல். சில பேரு கையால வெயில மறைச்சுக்கிட்டாங்க."

"நம்ம பாத்தி மாதிரின்னு சொல்லு."

"நோன்பு வச்சவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க. வைக்காதவங்கதான் எழுந்து கூடாரம் அடிச்சாங்க, ஒட்டகத்துக்கெல்லாம் தண்ணி காட்டுனாங்க."

"ரசூலுல்லா என்னா சொன்னாங்க?"

"இன்னிக்கு நன்மையெல்லாம் நோன்பு வைக்காதவங்க அள்ளிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க."

அம்மா எழுந்து உட்கார்ந்தார். "அப்போ அவங்க சும்மா உக்காரல."

"இல்ல."

"வேல செஞ்சாங்க."

"ஆமாம்மா."

அம்மாவின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "நம்ம ஊருல ஒட்டகத்துக்கு எங்கடி போறது? பஸ்ஸுதான் வந்து நிக்குது."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு இரண்டு பேருமே சிரிப்பை நிறுத்திவிட்டோம். ஏனென்றால் நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்கு சொல்கிற நேரத்தில் நான் தினமும் பஸ்ஸில்தான் இருப்பேன். பையில் இருக்கிற பேரீச்சம்பழத்தையும் பாட்டில் தண்ணீரையும் வைத்து, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே நோன்பு திறப்பேன். பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுகிறார்கள். தெருப் பிள்ளைகள் தூக்கில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறார்கள். ஆனால் சென்னைக்கும் பாண்டிக்கும் போகிற பஸ்களில் உட்கார்ந்திருக்கிற நோன்பாளிக்கு, அதிலும் பெண்களுக்கு, அந்தக் கஞ்சி எட்டாது. நோன்பாளி ஒருவருக்கு நோன்பு திறக்கக் கொடுத்தவருக்கும் அவரைப் போலவே நன்மை உண்டு, அவருடைய நன்மையிலும் ஒன்றும் குறையாது என்று நபி (ஸல்) சொல்லியிருப்பதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா உடனே பரணிலிருந்து பெரிய தேக்சா பாத்திரத்தை இறக்கச் சொன்னார்.

உடம்பு தேறியதும் வேலையைத் தொடங்கினார். காலையில் நேரத்துக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். மதியம் வந்து அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் போட்டுக் கஞ்சி காய்ச்சினார். இஞ்சி பூண்டும் மல்லி புதினாவும் சேர்ந்து தெருமுனை வரை மணத்தது. முதல் நாள் நான் லேபில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்தேன். ஒரு ஸ்டூல் மேல் தேக்சாவை வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் நின்றோம்.

முதல் பஸ் வந்தது. ஜன்னலிலிருந்து ஒருவர், "கஞ்சி எவ்ளோம்மா?" என்றார். அம்மா கூச்சத்தில் என் பின்னால் ஒதுங்கினார். நோன்பாளிகளுக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வெயிலில் கூடை கூடையாக உப்புச் சுமக்கிற என் அம்மாவுக்கு நாலு பேர் முன்னால் குரல் எடுக்க வரவில்லை. எனக்கு வரும். அதற்குத்தானே என்னைப் படிக்க வைத்தார். படியில் ஏறி, "நோன்பு வச்சிருக்கிறவங்க யாராவது இருக்கீங்களா? கஞ்சி இருக்குது!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன்.

பின் சீட்டில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினார். காலேஜ் பையன் ஒருவன் எழுந்து வந்தான். கண்டக்டர், "சீக்கிரம்மா, டைம் ஆவுது" என்று விசிலை வாயில் வைத்தார். பிறகு விசிலை எடுத்துவிட்டு, "நோன்பு இல்லாதவனுக்கெல்லாம் கெடையாதா?" என்றார். அம்மா அப்போதுதான் என் பின்னாலிருந்து வந்தார். "பசிக்கிற யாரு வேணா வாங்கிக்கலாம் தம்பி. ஆனா அவங்களுக்குக் குடுத்துட்டு உனக்குத் தர்றேன்" என்று கரண்டியை எடுத்தார்.

அதற்கப்புறம் அந்த ரமலான் முடியும் வரை ஒரு நாளும் நிற்கவில்லை. எனக்கு லேபில் வேலை இருக்கிற நாட்களில் உப்பளத்து அக்கா வந்து கப்புகளைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு உங்க நோன்ப நாந்தானே கெடுத்தேன், அதுக்கு அபராதம்" என்பார். அம்மா அவரை அடிக்கக் கரண்டியை ஓங்குவார். பெரியம்மா சில நாள் எட்டியே பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் வடைத் தட்டோடு வந்து நின்று, "டாக்டரு என்னையும் வைக்கக் கூடாதுன்னுட்டான்" என்று யார்மேலோ கோபமாக இருப்பதுபோலச் சொன்னார். நகர்ந்து இடம் கொடுத்தோம்.

கடைசி நோன்பு அன்று பாண்டிச்சேரி பஸ்ஸில் வந்த ஒரு வயதான பெண்மணி, கஞ்சியை வாங்கிக்கொண்டு அம்மாவின் கையை ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ் உங்க நோன்ப ஏத்துக்கட்டும்மா" என்றார். அம்மா நோன்பில் இல்லை. அவர் என்ன சொல்வாரோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா திருத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ஈரக் கையை முகத்தில் தடவிக்கொண்டு, "ஆமீன்" என்று பஸ் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சொன்னார்.

ஹதீஸ்களை நான் இன்றைக்கும் விடாமல் படிக்கிறேன், படித்தவள் என்ற பெருமையும் குறையவில்லை. ஆனால் நபிமொழி ஒன்றை யாருக்காவது எடுத்துச் சொல்வதற்கு முன், அவர் எதை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இப்போது நான் வாயைத் திறப்பதில்லை.